கையடக்கக் கருவியில் படம்: சாவி யாரிடம் இருக்கிறது என்று பார்த்து ஆயத்தமாவதற்கான முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பிலிருந்து காலையில் கொழும்புக்குப் புறப்படும் உதயதேவி, வாழைச்சேனையைத் தாண்டிப் புணானைப் பக்கக் காட்டுக்குள் இறங்கியதும் கைத்தொலைபேசியின் சமிக்ஞைக் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையும். அப்படியொரு பயணத்தில், கொழும்பிலுள்ள மகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த என் சின்னம்மாவுக்காக, அவர் இளவயதில் பார்த்து மறக்காத படமொன்றை டப்லெட்டில் ஏற்றி வைத்திருந்தேன். மாதாமாதம் பணம் கட்டும் ஒரு சேவையிலிருந்து மூன்று கிழமைக்கு முன்னரே முறையாகத் தரவிறக்கியது அது. ஜன்னல் ஓரம் வசதியாக அமர்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவர் படத்தைத் தொட்டபோது, இதன் காலம் முடிந்துவிட்டது, இணையத்துடன் இணைந்து புதுப்பிக்கவும் என்ற ஒற்றை வரிதான் திரையில் வந்தது. "என்ன மனே, காசு கட்டின படமெண்டுதானே சொன்ன நீ?" என்று கேட்டார். வெலிக்கந்தை தாண்டும்வரை என்னிடம் பதில் இல்லை.

படம் கருவிக்குள்தான் இருந்தது. ஒரு ஜிபிக்கு மேல் இடத்தையும் பிடித்திருந்தது. ஆனால் அதைத் திறக்கும் சாவி எங்களிடம் இருக்கவில்லை. கையடக்கக் கருவியில் படம் பார்க்க ஆயத்தம் செய்யும் எவரும் கோப்பு என்ன அளவு, என்ன தரம் என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி அந்தச் சாவியைப் பற்றியது. எங்கள் பகுதியில் நீண்ட பஸ் பயணமும் புகையிரதப் பயணமும் வாழ்வின் பகுதி. படுவான்கரையிலும் பொத்துவிலுக்கு அப்பாலும் எல்லா இடத்திலும் வேகமான இணையம் கிடைப்பதில்லை. ஆகவே முன்கூட்டியே ஏற்றிக்கொண்டு போவது எங்களுக்கு அவசியமான வழக்கம். அதைச் சரியாகவும், படம் எடுத்தவரின் உரிமைக்குப் பங்கம் வராமலும் செய்வதற்கான படிகளைக் கீழே எழுதுகிறேன்.

பூட்டு எப்படி வேலை செய்கிறது

டிஆர்எம் எனப்படும் டிஜிட்டல் உரிமை முகாமைத்துவம் என்பது, சுருக்கமாகச் சொன்னால், படத்தைக் குறியாக்கம் செய்து பூட்டி, அதன் சாவியை வேறிடத்தில் வைத்திருக்கும் ஏற்பாடு. சேவையிலிருந்து நீங்கள் படத்தை இறக்கும்போது இரண்டு பொருள்கள் வருகின்றன. ஒன்று, பூட்டிய நிலையிலுள்ள கோப்பு. மற்றது, உரிம வழங்கி என்னும் கணினி உங்கள் கருவிக்கென்று தனியாகக் கொடுக்கும் உரிமம். எந்தக் கருவியில், எத்தனை நாள், எந்தத் தரத்தில், எந்த நாட்டில் என்ற நிபந்தனைகள் எல்லாம் அந்த உரிமத்துக்குள் எழுதப்பட்டிருக்கும். கோப்பைப் பிரதி செய்து இன்னொரு கருவியில் போட்டால் அது திறக்காது. உரிமம் அதனுடன் போகாததே காரணம்.

இன்று புழக்கத்திலுள்ள பெரிய பூட்டுகள் மூன்று. ஆண்ட்ரொய்டு கருவிகளிலும் குரோம் உலாவியிலும் இருப்பது வைட்வைன். இதை 2010இல் கூகுள் வாங்கியது. மைக்ரோசொஃப்டின் பூட்டு பிளேரெடி. அப்பிளின் பூட்டு ஃபெயார்பிளே. இவற்றில் எங்கள் மக்கள் அதிகம் எதிர்கொள்வது வைட்வைன் என்பதால் அதன் படிநிலைகளை அறிந்திருப்பது நல்லது. எல்1 என்றால் சாவியைக் கையாளும் வேலையும் படத்தை விரிக்கும் வேலையும் கருவிக்குள் பதிந்துள்ள சில்லின் பாதுகாப்பான பகுதிக்குள் நடக்கின்றன. எல்3 என்றால் எல்லாம் மென்பொருளிலேயே நடக்கின்றன. எல்3 கருவிக்குப் பெரிய சேவைகள் பொதுவாக 480பி தரத்தைத் தாண்டிக் கொடுப்பதில்லை. குறைந்த விலை டப்லெட்டின் பெட்டியில் முழு எச்டி திரை என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். திரை உண்மையில் அப்படித்தான் இருக்கும். ஆனால் உள்ளே எல்3 இருந்தால் பணம் கட்டியும் மங்கலான படமே கிடைக்கும். கடையில் வைத்தே டிஆர்எம் இன்ஃபோ என்ற சிறு செயலியை நிறுவி அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். காத்தான்குடியில் வாங்கினாலும் கல்முனையில் வாங்கினாலும், பொருளைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

முதலில் உங்கள் கருவியை அறிந்துகொள்ளுங்கள்

சட்டைப்பையில் வைத்துப் படம் பார்க்கும் கருவிகளின் வரலாறு அவ்வளவு நீண்டதல்ல. ஆர்க்கொஸ் நிறுவனம் 2002இல் சிறு திரையும் வன்தட்டும் கொண்ட கருவியை வெளியிட்டது. சோனியின் பிஎஸ்பி 2004இல் வந்தது. அதற்கென்றே யூஎம்டி என்ற சிறு வட்டில் படங்களும் விற்கப்பட்டன. அந்த வட்டைப் போட்டுப் பார்க்க வேறெந்தக் கருவியும் சந்தைக்கு வராததால், பிஎஸ்பி பழுதானவர்களிடம் வட்டு மட்டுமே மிஞ்சியது. 2005 ஒக்டோபரில் வீடியோ காட்டும் ஐபொட் வந்தது. அதன் திரை 2.5 அங்குலம், 320க்கு 240 புள்ளிகள். ஐபொட் வரிசையின் கடைசிக் கருவி 2022 மே மாதத்தில் நிறுத்தப்பட்டது.

எங்கள் ஊர்களில் அந்தக் காலத்தில் கூடுதலாகப் புழங்கியவை எம்பி4 பிளேயர் என்று அழைக்கப்பட்ட மலிவான சீனக் கருவிகள். அவற்றில் பல, பெயருக்கு மாறாக, எம்பி4 கோப்பை வாசிக்கவே மாட்டா. ஏஎம்வி என்ற தனி வகைக்கு, 128க்கு 96 அல்லது 160க்கு 120 புள்ளி அளவில் மாற்றிக் கொடுத்தால்தான் படம் ஓடும். அலுமாரியில் அப்படியொன்று இன்னும் உயிரோடு கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். அதில் எந்தப் பூட்டும் இல்லை. மாற்றிக் கொடுப்பதை எந்த அனுமதியும் கேளாமல் ஓட்டும்.

இன்று உங்கள் கையில் இருப்பது கைத்தொலைபேசியாகவோ டப்லெட்டாகவோ சிறிய டிவிடி பிளேயராகவோ இருக்கலாம். எதுவானாலும் மூன்று விடயங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: திரையின் புள்ளி அளவு, அது வாசிக்கும் கோப்பு வகைகள், எத்தனை ஜிபி சிப்பை, அதாவது மெமரி கார்டை, ஏற்கும் என்பது. கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் எம்பி4, எம்கேவி என்பவை உறைகள் மாத்திரமே. உறைக்குள் இருக்கும் படம் எச்.264 முறையில் சுருக்கப்பட்டதா, எச்.265 முறையிலா, ஏவி1 முறையிலா என்பதே ஓடுமா ஓடாதா என்பதைத் தீர்மானிக்கிறது. எச்.264 முறை 2003இலிருந்து இருப்பதால் ஏறக்குறைய எல்லாக் கருவிகளும் அதை வாசிக்கும். ஐயம் இருந்தால் அதையே தெரிவுசெய்யுங்கள்.

படத்தை எங்கிருந்து எடுப்பது

பூட்டில்லாமலும் முறையாகவும் கிடைக்கும் படங்கள் பலர் நினைப்பதைவிட அதிகம். இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய படங்கள் கோப்பாகவே கிடைக்கின்றன. பிளெண்டர் நிறுவனம் தன் அசைவூட்டக் குறும்படங்களைக் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில், பெயர் குறிப்பிட்டால் எவரும் பிரதி செய்யலாம் என்ற நிபந்தனையோடு, வெளியிட்டிருக்கிறது. பிள்ளைகளுக்கு ஏற்றிக் கொடுக்க அவை மிகப் பொருத்தமானவை. விமியோ தளத்தில் சில இயக்குநர்கள் தரவிறக்கும் பொத்தானைத் தாங்களே திறந்து வைத்திருப்பார்கள். எங்கள் பகுதியிலேயே குறும்படம் எடுப்பவர்களிடம் நேரில் கேட்டால் சிறு தொகைக்குக் கோப்பையே தருவார்கள்.

பழைய தமிழ்ப் படமென்றால் யாருக்கும் சொந்தமில்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது தவறு. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் திரைப்படத்துக்கு வெளியான ஆண்டுக்குப் பின்னர் 60 ஆண்டுகள் பாதுகாப்புத் தருகிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் 70 ஆண்டுகள் தருகிறது. கறுப்பு வெள்ளைப் படம் என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். வெளியான ஆண்டைப் பாருங்கள். உரிமையாளர்களே யூடியூபில் போட்டிருக்கும் பழைய படங்களை இணையத்தில் இருந்தபடி பார்ப்பதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் பார்க்கக் கொடுத்த அனுமதி, வேறு செயலிகளைக் கொண்டு இறக்கி வைத்துக்கொள்வதற்கான அனுமதியாகாது.

பணம் கட்டும் சேவையிலிருந்து இறக்கி வைப்பது

நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியில் இலங்கை உட்பட ஏராளமான நாடுகளுக்குள் ஒரே நாளில் வந்தது. தரவிறக்கும் வசதியை அதே ஆண்டு நவம்பரில் சேர்த்தது. அதன் பின்னர் இறக்கி வைத்துப் பார்ப்பது பெரும்பாலான சேவைகளில் வழக்கமாகிவிட்டது. இங்கே கவனிக்க வேண்டிய நிபந்தனைகள் ஒவ்வொரு படத்துக்கும் வேறுபடும். சில, இறக்கிய நாளிலிருந்து எண்ணத் தொடங்கும். சில, நீங்கள் முதன்முறை ஓட்டிய கணத்திலிருந்து 48 மணித்தியாலத்தில் முடிந்துவிடும். வாடகைக்கு எடுக்கும் படங்களில் பொதுவாக உள்ள ஏற்பாடு, தொடங்குவதற்கு 30 நாள், தொடங்கிய பின் 48 மணித்தியாலம் என்பதாகும். வீட்டில் ஒலி சரியாக வருகிறதா என்று பார்க்கப் பத்து விநாடி ஓட்டிப் பார்ப்பதும் தொடங்கியதாகவே கணக்கிடப்படலாம்; பயணத்துக்கு நான்கு நாள் முன்னர் அப்படிச் சோதித்தவர்களுக்குப் பயணத்தன்று படம் இருக்காது.

ஆகவே இவ்வகைப் படங்களைப் புறப்படுவதற்கு முந்திய இரவில் இறக்குங்கள். முன்னரே இறக்கியிருந்தால், அன்றிரவு வீட்டு இணையத்தில் செயலியைத் திறந்து தரவிறக்கப் பட்டியலுக்குள் போய், காலம் முடிந்தவற்றைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். சின்னம்மாவின் படத்துக்கு நான் செய்யத் தவறியது இந்த இரண்டு நிமிட வேலைதான்.

சேவையிலிருந்து இறக்கிய படத்தைச் சிப்பில் சேமிக்கலாம் என்பதால் அந்தச் சிப்பைக் கழற்றி வேறு கைத்தொலைபேசியில் போட்டுப் பார்க்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். முடியாது. விண்டோஸ் மடிக்கணினியில் நெட்ஃபிளிக்ஸ் படம் இறக்கும் வசதி 2024இல் நீக்கப்பட்டுவிட்டது. கைத்தொலைபேசியோ டப்லெட்டோதான் வேண்டும். கத்தாரிலோ இலண்டனிலோ இருக்கும் உறவினரின் கணக்கைக் கொண்டு இங்கே பார்ப்பவர்கள், அங்கே பட்டியலில் இருக்கும் படம் இங்கே இருக்காது என்பதையும், ஒரு வீட்டாருக்கு ஒரு கணக்கு என்ற கட்டுப்பாடு 2023இலிருந்து இறுகியிருக்கிறது என்பதையும் மனதிற்கொள்ள வேண்டும். கைத்தொலைபேசியைக் கேபிள் மூலம் தொலைக்காட்சியில் இணைக்கும்போது ஒலி மட்டும் வந்து படம் கறுப்பாக இருந்தால் கேபிளைக் குறை சொல்லாதீர்கள். எச்டிசிபி என்ற இன்னொரு பூட்டு இடையில் நிற்பதே பெரும்பாலும் காரணம்.

வீட்டிலுள்ள வட்டுகள்

டிவிடி வட்டுகளைப் பொறுத்தவரை முதலில் இரண்டு வகையாகப் பிரித்து வையுங்கள். ஒரு பக்கம் கலியாண வீடு, பூப்புனித நீராட்டு விழா, கோயில் சடங்கு, பாடசாலை விழா ஆகியவற்றின் பதிவுகள். மறுபக்கம் கடையில் வாங்கிய திரைப்படங்கள்.

முதல் வகையில் பூட்டு இருக்காது. ஆனால் அவசரம் இருக்கிறது. எழுதக்கூடிய டிவிடியில் தகவல் ஒரு சாயப் படலத்தில் பதியப்பட்டிருக்கும். வெயிலும் வெப்பமும் அந்தச் சாயத்தை மங்கச் செய்கின்றன. எங்கள் காலநிலையில் பதினைந்து, இருபது ஆண்டுப் பதிவுகளை இனியும் வட்டிலேயே விட்டுவைப்பது ஆபத்து. என்னிடம் வந்த ஒரு வட்டில், அம்மன் சடங்கில் கும்பம் ஏந்தி ஆடும் பகுதி சரியாக அந்த இடத்தில் மட்டும் உறைந்து நின்றது. அந்த வீட்டுப் பெரியவர் அதில்தான் கடைசியாக நடமாடியிருந்தார். மூன்று வெவ்வேறு டிவிடி டிரைவுகளில் போட்டுப் பார்த்த பின்னரே ஒன்று அதை முழுமையாக வாசித்தது. ஒரு டிரைவ் வாசிக்காவிட்டால் இன்னொன்றில் முயலுங்கள்; வட்டு செத்துவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்.

இரண்டாவது வகையில் பெரும்பாலும் சிஎஸ்எஸ் என்ற பூட்டும் வலய எண்ணும் இருக்கும். இலங்கையும் இந்தியாவும் 5ஆம் வலயம். கனடாவிலிருந்து வரும் வட்டு 1ஆம் வலயமாகவும் இலண்டனிலிருந்து வருவது 2ஆம் வலயமாகவும் இருக்கலாம். உறவினர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த வட்டு இங்குள்ள பிளேயரில் ஓடாததற்கு இதுவே பொதுவான காரணம். கணினி டிரைவின் வலயத்தை 5 முறை மட்டுமே மாற்றலாம். கடைசியாக வைத்த எண் அப்படியே நிலைத்துவிடும். மாற்ற முன் நன்றாக யோசியுங்கள்.

சிஎஸ்எஸ் பூட்டை அவிழ்க்கும் நிரல் 1999இல் வெளிவந்தது. அதில் பங்குகொண்ட நோர்வே இளைஞர் யோன் லெக் யொஹான்சன் மீது வழக்குப் போடப்பட்டது. தான் வாங்கிய வட்டைத் தன் கணினியில் பார்ப்பது குற்றமல்ல என்ற அடிப்படையில் 2003இல் அவர் விடுவிக்கப்பட்டார். அமெரிக்காவிலோ 1998ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டை அவிழ்ப்பதையே தடைசெய்கிறது. மூன்று ஆண்டுக்கொரு முறை சில விதிவிலக்குகள் அறிவிக்கப்படுகின்றன. இலங்கைச் சட்டம், முறையாகப் பெற்ற பிரதியிலிருந்து ஒருவர் தன் சொந்தத் தேவைக்கு மட்டும் ஒரேயொரு பிரதி எடுக்க இடமளிக்கிறது. பிரதி எடுப்பதைத் தடுக்கும் பூட்டைத் தாண்டுவதற்கென்றே செய்யப்பட்ட சாதனங்களை விற்பனைக்கோ வாடகைக்கோ தயாரிப்பதையும் இறக்குமதி செய்வதையும் அதே சட்டம் தடுக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்து நான் எடுத்த நிலை இது: பூட்டில்லாத வட்டுகளை என் கருவிக்கு மாற்றிக்கொள்கிறேன், பூட்டிய வட்டுகளைப் பத்திரமாக வைத்து, சிறிய டிவிடி பிளேயரிலேயே ஓட்டிப் பார்க்கிறேன்.

கருவிக்கு ஏற்ப மாற்றுவது

இதற்கு ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் போதும். அது பூட்டுகளை அவிழ்ப்பதில்லை; உங்களுக்கு உரியதை உங்கள் கருவிக்கு ஏற்ற அளவுக்கு மாற்றித் தரும். கோப்பையோ வட்டையோ திறந்து, முன்னமைப்புகளில் 480பி அல்லது 720பி உள்ள ஒன்றைத் தெரிவுசெய்து, உறை எம்பி4 என்றும் முறை எச்.264 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். தரத்தைக் குறிக்கும் ஆர்எஃப் எண்ணை 20க்கும் 22க்கும் இடையில் விடுங்கள். எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும். மிகப் பழைய கருவியென்றால் புரொஃபைல் என்ற இடத்தில் பேஸ்லைன் என்பதைத் தெரிவுசெய்யுங்கள்.

கலியாண வீட்டு டிவிடிகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. எங்கள் நாட்டில் எடுக்கப்பட்டவை பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில், 720க்கு 576 புள்ளிகளில், விநாடிக்கு 25 படச் சட்டகங்களாக, ஒற்றைக் கோடுகளும் இரட்டைக் கோடுகளும் மாறிமாறிப் பதிந்த நிலையில் இருக்கும். பழைய தொலைக்காட்சியில் இது தெரியாது. கைத்தொலைபேசித் திரையில், ஆள் அசையும்போதெல்லாம் கை ஓரத்திலும் சேலைக் கரையிலும் சீப்புப் பல் போன்ற கோடுகள் தெறிக்கும். ஃபில்டர் பகுதியில் டீகோம்ப் என்பதைப் போட்டுவிட்டால் அது போய்விடும். சட்டக வேகத்தை மூலத்தில் உள்ளபடியே என்று விடுங்கள். 25ஐ 30 ஆக்கினால் அசைவு திக்கித் திக்கி வரும்.

கோப்பு எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே அறிய விரும்பினால் கணக்கு எளிது. படத்துக்கு விநாடிக்கு 1000 கிலோபிட், ஒலிக்கு 128 கிலோபிட் என்று வைத்தால் இரண்டரை மணித்தியாலப் படம், அதாவது 9000 விநாடி, ஏறக்குறைய 1.27 ஜிபி ஆகும். சிறு திரைக்கு 400உம் 96உம் போதுமென்றால் 560 எம்பிக்குள் அடங்கும். நீண்ட படத்தை மாற்றுவதற்கு முன் ஆட்டமும் பாட்டும் உள்ள இரண்டு நிமிடப் பகுதியை மட்டும் மாற்றி, அதைக் கருவியில் ஓட்டிப் பாருங்கள். ஓடாத கோப்பை மூன்று மணித்தியாலம் காத்திருந்து உருவாக்கும் வீண்பாடு இதனால் தவிரும்.

தமிழ் உபதலைப்பு

வேற்றுமொழிப் படங்களைத் தமிழ் உபதலைப்போடு பார்க்க விரும்புபவர்கள் சந்திக்கும் தொல்லையை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாக வருவது முதல் வகை. கருவியில் தமிழ் எழுத்துருவே இல்லை என்று பொருள். எழுத்து வந்தும் உடைந்து வருவது இரண்டாம் வகை: "கொடு" என்ற சொல்லில் ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு அதற்குப் பின்னால் போய் ஒட்டியிருக்கும். எழுத்துரு இருந்தும் அதைச் சேர்த்தெழுதும் திறன் கருவிக்கு இல்லாததே இதற்குக் காரணம். மூன்றாம் வகை எங்களுக்கே உரியது. இலங்கையில் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பழகியவர்கள் உபதலைப்பையும் அதிலேயே தயாரித்துவிடுவார்கள். பாமினி இல்லாத வேறு கருவியில் அது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரியும். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உள்ளன. ஆனால் முழுக் கோப்பையும் ஒரேயடியாக மாற்றினால் நேரக் குறிகளில் உள்ள குறியீடுகளும் சேர்ந்து கெட்டுவிடக்கூடும். வசன வரிகளை மட்டும் மாற்றுங்கள்.

மாற்றிய கோப்பை எஸ்ஆர்டி வகையில், யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமித்து, படத்தின் கோப்புக்கும் உபதலைப்புக் கோப்புக்கும் ஒரே பெயர் கொடுத்து, ஒரே கோப்புறையில் வையுங்கள். விஎல்சி பிளேயர் உள்ள கைத்தொலைபேசியில் இதுவே போதும். தமிழை ஒழுங்காகக் காட்டாத பழைய கருவியானால், ஹேண்ட்பிரேக்கில் அந்த எஸ்ஆர்டியைச் சேர்த்து, படத்தோடு பதித்துவிடும் தெரிவை இடுங்கள். அப்போது எழுத்துகள் படத்தின் பகுதியாகவே மாறிவிடும்; கருவிக்குத் தமிழ் தெரிய வேண்டிய அவசியமில்லை. பதித்த எழுத்தை நீக்க முடியாது என்பதால் மூலப் படத்தைத் தனியாக வைத்திருங்கள்.

சிப்

இந்தச் சிப்பின் வகைப் பெயரான எஸ்டி (செக்யூர் டிஜிட்டல்) என்பதன் முதலெழுத்து பாதுகாப்பைக் குறிக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பூட்டிய பாடல்களையும் படங்களையும் பாதுகாப்பதற்கென ஒரு பகுதியை உள்ளே வைத்தே அது வடிவமைக்கப்பட்டது. மக்கள் அதைச் சாதாரணக் கோப்புகளுக்கே பயன்படுத்தினார்கள். 32 ஜிபி வரையுள்ள சிப்புகள் பொதுவாக ஃபெட்32 அமைப்பில் வரும். அதில் 4 ஜிபிக்குக் கூடிய ஒற்றைக் கோப்பை எழுத முடியாது. இடம் இருந்தும் ஏறவில்லை என்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதற்கு மேற்பட்டவை எக்ஸ்ஃபெட் அமைப்பில் வரும். பழைய பிளேயர்கள் சில அதை வாசிக்கமாட்டா.

நம்ப முடியாத விலைக்கு 1 டிபி சிப் கிடைத்தால் வாங்காதீர்கள். போலிச் சிப் நிறையும்வரை ஒழுங்காக நடித்துவிட்டு, அதன் பின் எழுதுபவற்றைக் காணாமலாக்கிவிடும். புதிதாக வாங்கும் எதையும் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 கொண்டு முழுமையாக எழுதி வாசித்துச் சோதியுங்கள்.

கடையில் படம் ஏற்றுவது பற்றி

"அண்ணே, இந்தச் சிப்புக்கு ஃபுல்லாப் படம் ஏத்தித் தாங்க" என்பது களுவாஞ்சிகுடியிலிருந்து அக்கரைப்பற்று வரை கொமினிகேஷன் கடைகளில் எத்தனையோ ஆண்டுகளாகக் கேட்கும் வார்த்தை. இணையம் விலை கூடியிருந்த காலத்தில் எங்கள் பிள்ளைகளுக்குப் பாட்டும் படமும் அப்படித்தான் கிடைத்தன. அந்தக் கடைக்காரர்களைக் கள்வர் என்று அழைக்க எனக்கு மனம் வருவதில்லை. எனினும் இந்த வழக்கம் யாரைத் தாக்குகிறது என்பதை ஒருமுறை மிக அருகில் பார்த்துவிட்டேன்.

படுவான்கரையில் வயல் அறுவடைக் காலத்தை வைத்து என் நண்பர் ஒருவர் குறும்படம் எடுத்தார். கமரா இரவல், நடித்தவர்கள் ஊரவர்கள், ஒலிச் சேர்ப்புக்குத் தன் மோட்டார் சைக்கிளை ஈடு வைத்தார். ஒரு மண்டபத்தில் சிறு கட்டணத்துக்குத் திரையிட்டோம். இரண்டாவது திரையிடலுக்கு ஆயத்தமாகும்போது, ஒரு கடையில் அதே படம் சிப்பில் ஏற்றப்படுவதாக ஒரு மாணவன் சொன்னான். போய்ப் பார்த்தோம். படம் இருந்தது, தொடக்கத்தில் வந்த பெயர்கள் வெட்டப்பட்டிருந்தன. நண்பர் கோபப்படவில்லை. "பேரை மட்டுமாவது விட்டிருக்கலாமே" என்றார். இரண்டாவது திரையிடலுக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

சட்டம் படைப்பாளிக்குத் தரும் உரிமைகளில், தன் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்பதும் ஒன்று. அது பணத்தோடு தொடர்பில்லாத தனி உரிமை. வேண்டுமென்றே பதிப்புரிமையை மீறியவர் நீதவான் நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டால் 6 மாதம் வரை சிறையோ, 5 இலட்சம் ரூபா வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஒரு சிப் நிறைய ஏற்றிக் கொடுத்து வாங்கும் சிறு தொகைக்கு இது பெரிய ஆபத்து.

கடை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லும் மாற்று வழி இருக்கிறது. கலியாண வீட்டு வட்டுகளை மாற்றிக் கொடுங்கள், உபதலைப்பை யூனிகோடாக்கிக் கொடுங்கள், சேவையில் இறக்கி வைப்பது எப்படி என்று வாடிக்கையாளருக்குக் காட்டிக் கொடுங்கள், உள்ளூர்க் குறும்படங்களை எடுத்தவரின் எழுத்துமூல அனுமதியோடு ஏற்றி, வருவதில் பங்கு கொடுங்கள். இவற்றுக்குக் கூலி வாங்குவதை எவரும் குறை சொல்ல முடியாது.

படம் எடுப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் படத்துக்குப் பூட்டுப் போட நினைத்துச் செலவழிக்காதீர்கள். பெரிய நிறுவனங்களின் பூட்டே கசிகிறது. முறையாக வாங்கியவரைத்தான் அது கூடுதலாக வருத்துகிறது. அதற்குப் பதிலாகப் படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் உரிமையாளர் பெயரையும், பிரதி செய்யலாமா கூடாதா, திரையிட யாரிடம் கேட்க வேண்டும் என்பதையும் தெளிவான தமிழில் எழுதி விடுங்கள்.

வாங்கிய படம் நிலைக்குமா

"வாங்கு" என்ற பொத்தானை அழுத்திப் பெறும் படமும் பெரும்பாலும் உரிமம் மட்டுமே. மைக்ரோசொஃப்ட் 2004இல் பிளேஸ்ஃபோர்ஷூர் என்ற முத்திரையை அறிமுகம் செய்தது; எந்தக் கடையில் வாங்கினாலும் முத்திரையுள்ள எந்தக் கருவியிலும் ஓடும் என்பது அதன் உறுதிமொழி. இரண்டே ஆண்டில் அதே நிறுவனம் வெளியிட்ட சூன் பிளேயர் அந்தக் கோப்புகளை வாசிக்கவில்லை. பல ஹொலிவூட் நிறுவனங்கள் கூடி நடத்திய அல்ட்ராவயலட் என்ற படச் சேமிப்பு ஏற்பாடு 2019 ஜூலை 31இல் மூடப்பட்டது. அதற்கு மாறாக, அப்பிளின் இசைக் கடை 2009இல் பாடல்களிலிருந்து பூட்டை நீக்கியது. அப்போது வாங்கிய பாடல் இன்று எந்தக் கருவியிலும் ஓடும். படங்களுக்கு அந்த விடுதலை இன்னும் கிடைக்கவில்லை. கலிஃபோர்னியா மாநிலம் 2025 ஜனவரி முதல், விற்கப்படுவது உரிமம்தான் என்பதைக் கடைகள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று சட்டமாக்கியிருக்கிறது. எங்கள் நாட்டிலும் அப்படியொரு விதி வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதுவரைக்கும், மீண்டும் மீண்டும் பார்க்க விரும்பும் படத்தை வட்டாகவோ பூட்டில்லாத கோப்பாகவோ தேடி வாங்குங்கள். ஒருமுறை பார்த்தால் போதும் என்றால் சேவையும் வாடகையும் போதும். பூட்டில்லாத கோப்புகளை வீட்டு வன்தட்டில் ஒன்று, உறவினர் வீட்டில் இன்னொன்று என இரண்டு இடங்களில் வையுங்கள். வெள்ளம் வந்தால் எங்கள் வீடுகளின் கீழ்த் தட்டுகள்தான் முதலில் நனையும்.

புறப்படுவதற்கு முந்திய இரவு

கருவியை முழுமையாகச் சார்ஜ் செய்து, விமானப் பயன்முறையில் போட்டு, பூட்டில்லாத ஒவ்வொரு படத்தையும் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் சில விநாடி ஓட்டிப் பாருங்கள். சேவையிலிருந்து இறக்கியவற்றை ஓட்டாமல், இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்பதைத் தரவிறக்கப் பட்டியலில் மட்டும் பாருங்கள். இரண்டு வகையிலும் ஒவ்வொரு படமாவது கையில் இருக்கட்டும். ஒன்று மறுத்தால் மற்றது ஓடும். பெட்டியில் அருகிலுள்ளவருக்குத் தொந்தரவு இல்லாமல் கேட்கக் காதொலிக் கருவியையும், பத்தாயிரம் எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்றையும் கைப்பையின் மேற்புறத்தில் வையுங்கள்.

சின்னம்மா திரும்பி வந்த பயணத்துக்கு, அந்தப் படத்தின் உரிமையாளர்கள் முறையாக வெளியிட்ட டிவிடியைக் கொழும்பில் தேடி வாங்கி, மகளின் பழைய சிறு டிவிடி பிளேயரையும் கேட்டு எடுத்துக்கொண்டேன். புணானைக் காட்டுக்குள் சமிக்ஞைக் கோடு கடைசியாக மறைந்தபோது படத்தில் பாட்டுக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அவர் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை.